பதினாறு வீட்டுச் சீட்டு

ஆவரங்கோட்டை அரண்மனை,
11-2-51

அன்புள்ள அக்கா செல்லத்தாய்க்கு, தம்பி சுந்தரபாண்டி எழுதிக்கொண்டது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மச்சானுக்கு இருமல் நின்றதா என்று எழுது. பொங்கலன்று முழுக்க எனக்கு விக்கல். வரவில்லை என்று நீதான் உட்கார்ந்து திட்டியிருக்கிறாய்.

வேலை அப்படி அக்கா. அரண்மனையில் ராயசம் என்றால் பெரியராஜாவுக்கு வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும், அவர் சொல்லுகிற பதிலை எழுத வேண்டும். இப்போது ஜமீன் ஒழிந்த பிறகு சர்க்கார் கடிதம் தினம் நாலு வருகிறது. உழுகிறவன் பேருக்கே பட்டா என்று சட்டம் வந்துவிட்டது. ஜமீனின் சொந்தப் பண்ணையாக வெகுநாளாக இருந்த நிலம் மட்டும் ஜமீனுக்கு. செட்டில்மெண்ட் ஆபீசர் ஊர் ஊராக வந்து விசாரிப்பாராம். இதைப் பெரியராஜாவிடம் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏலே ராயசம், உழுதவனுக்கே எழுதிருலே. எனக்கு எதுக்கு அம்புட்டுக் காடு? நானா போயிக் களையெடுக்கப் போறேன்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் தம்பி சின்னராஜா மட்டும் எழுந்து போய்விட்டார்.

இப்போது நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். கருவக்குளத்தில் நம் வீட்டோடு சேர்த்துப் பதினேழு வீட்டார் அரண்மனை நிலத்தை உழுகிறீர்கள். அவரவர் தீர்வை கட்டி வாங்கிய பழைய சீட்டுகளை இங்கே அனுப்பினால், அதைப் பார்த்து அவரவர் பேரை ஏற்றிவிடலாம் என்று மேனேஜர் நல்லசிவம் அவர்கள் சொல்கிறார்கள். "நாங்க கேட்டா சனங்க பயப்படும். உங்க அக்கா கேட்டா குடுத்துரும்" என்றார். நியாயமான பேச்சுத்தானே? நீ போய்க் கேட்டால் அந்த ஊரில் யார் மாட்டேன் என்பார்கள்?

மச்சானைக் கேட்டதாகச் சொல். உடனே பதில் போடு.

இப்படிக்கு உன் அருமைத் தம்பி,
சுந்தரபாண்டி

*

கருவக்குளம்,
2-3-51

என் தம்பி சுந்தரபாண்டிக்கு, அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அது என்னோடுதான் போகும். உன் மச்சான் இருமுவது அரண்மனை வரைக்கும் கேட்கவில்லையா? நேரத்துக்குச் சாப்பிடு. போன தடவை வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் இருந்தாய்.

விக்கல் வந்தது நான் திட்டியதால்தான். இன்னும் திட்டுவேன்.

சீட்டு விஷயம் நீ நினைத்த மாதிரி லேசாக முடியவில்லை. முதல் நாள் ஒருத்தரும் கொடுக்கவில்லை. நம் காட்டுக்கு மேல்புறம் உழுகிற பெத்தணன் மாமா என்ன சொன்னார் தெரியுமா? "தாயீ, எங்க அய்யா காலத்துல இருந்து இது அடுக்குப்பானைக்குள்ள கெடக்கு. எம் பொண்டாட்டியக் கேட்டாக் கூடக் குடுத்துருவேன், இதக் கேக்கீகளே" என்றார். அத்தை உள்ளே இருந்து கரண்டியை எறிந்தாள். அப்புறம் அவரே சொன்னார், "இருளப்பசாமி கோயில்ல கர்ப்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. குடுக்கோம்" என்று.

பண்ணினேன். பதினாறு வீட்டாரும் நிற்க, கர்ப்பூரத்தைக் கொளுத்திக் கையால் அணைத்து, "உங்க நெலம் உங்களுக்கு வராட்டி, எங்க நெலமும் எனக்கு வேண்டாம்" என்று சொன்னேன். உன் மச்சானுக்கு முகம் செத்துப்போய்விட்டது. "அது என்ன வாயி, அம்புட்டு நீளத்துக்கு?" என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தார். என் தம்பி அங்கே இருக்கும்போது எனக்கு என்ன பயம்?

எல்லாச் சீட்டையும் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, உன் மச்சான் வண்டியில் கொண்டுவருகிறார். வாங்கிக்கொண்டு அவருக்குச் சோறு போட்டு அனுப்பு. பெட்டி வந்த விவரம் எழுது.

உன் அக்கா,
செல்லத்தாய்

*

ஆவரங்கோட்டை,
29-3-51

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. சுகம்தான். பெட்டியை மச்சான் கையிலிருந்து வாங்கி, அவர் எதிரிலேயே மேனேஜர் அவர்களிடம் ஒப்படைத்தேன். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. உன்னை வாயாரப் புகழ்ந்தார்கள்.

ஒரு கெட்ட செய்தி. பெரியராஜாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. மாடி அறையில் வைத்திருக்கிறார்கள். சின்னராஜாவும் மேனேஜரும் தவிர வேறு யாரும் அங்கே போகக்கூடாது என்று உத்தரவு.

இனிமேல் தபால் பை மேனேஜர் அவர்கள் கைக்குப் போய்த்தான் எனக்கு வரும். நான் எழுதுகிற கடிதமும் அவர்கள் கை வழியாகத்தான் போகும். அதனால் நம் வீட்டு விஷயம் மட்டும் எழுது அக்கா. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
சுந்தரபாண்டி

*

கருவக்குளம்,
28-5-51

தம்பி சுந்தரபாண்டிக்கு, அக்கா எழுதுவது. இருமல், முழங்கால் எல்லாம் பழைய மாதிரியே. உனக்கு என்ன ஆச்சு? இரண்டு மாதமாக ஒரு வரி இல்லையே, கை முறிந்தா போய்விட்டது?

வீட்டு விஷயம் மட்டும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். காலையில் வாசல் தெளிக்கப் போனால் பெத்தணன் மாமா நிற்கிறார், "சீட்டு வந்துச்சா தாயீ?" என்று. தண்ணீருக்குப் போனால் கிணற்றடியில் அத்தை நிற்கிறாள். இதுதான் இப்போது என் வீட்டு விஷயம். ஆவணி மாதம் ஆபீசர் சாத்தூரில் முகாம் போடுகிறாராம்.

போன வாரம் உன் மச்சான் அங்கே வந்தார். வாசலில் நிற்கிற கருப்பணன், "ராயசம் சோலியா இருக்காக, பாக்க முடியாது" என்று விரட்டிவிட்டானாம். அது போகட்டும். மாடி ஜன்னலில் நீ நின்றாயாம். இவர் கையை ஆட்டினாராம். நீ பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாயாம். பெண் கொடுத்த வீட்டில் இப்படி ஒரு அவமானம் எனக்கு வேண்டாம் என்று அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அவர் பார்த்தது நீ இல்லை, வேறு யாரோ என்று நான் சண்டை போட்டேன். நீ இல்லைதானே?

அக்கா

*

ஆவரங்கோட்டை அரண்மனை,
9-6-51

மகாராஜராஜஸ்ரீ மச்சான் செல்லப்பாண்டி அவர்களுக்கும் அக்கா அவர்களுக்கும், சுந்தரபாண்டி அநேக வணக்கம். அரண்மனையின் கருணையினால் இவ்விடம் நலம்.

தாங்கள் அனுபவித்து வரும் நாலு குறுக்கம் கரிசல் நிலத்துக்கு, பெரியராஜா அவர்கள் திருக்கையொப்பமிட்ட பட்டா இத்துடன் அனுப்பப்படுகிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளவும். மற்றவர்களின் சீட்டுகள் பரிசீலனையில் இருக்கின்றன. அவற்றைக் குறித்துத் தாங்கள் இனி எழுதவேண்டியதில்லை என்று மேனேஜர் அவர்கள் அபிப்பிராயப்படுகிறார்கள்.

இங்ஙனம்,
ச. சுந்தரபாண்டி, ராயசம்

*

கருவக்குளம்,
20-6-51

தம்பிக்கு, அக்கா எழுதுவது. தாங்களாம் தாங்கள்! மூக்கொழுகத் தூக்கிச் சுமந்தவளுக்குத் தாங்கள் என்று எழுத உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? சுகம் கேட்கவில்லை நீ. நானும் கேட்கவில்லை.

பட்டா வந்தது. உன் மச்சான் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வந்தத வச்சுக்கிடுவோம், மத்தவுக பாடு மத்தவுகளுக்கு" என்றார். நான் கேட்கிறேன், பேச முடியாமல், கை அசையாமல் கிடக்கிற ராஜா எப்படியடா திருக்கையொப்பம் போட்டார்?

ஊரில் அதற்குள் தெரிந்துவிட்டது. தபால்காரர் வாய் சும்மா இருக்குமா? அத்தை கிணற்றடியில் என்னைப் பார்த்து, "உங்களுக்கு வந்துருச்சாமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது ஊருக்கு வெளியே ஓடைக்குப் போய்த் தண்ணீர் எடுக்கிறேன், இந்தக் காலை வைத்துக்கொண்டு.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு நான் இருக்கன்குடி போகிறேன். மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறேன். மேனேஜர் அய்யா இதைப் படித்தால் படிக்கட்டும், சாமி கும்பிடப் போவதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நீயும் வந்தால் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பேன்.

செல்லத்தாய்

*

8-8-51

அக்கா, இதை அரண்மனைச் சமையற்கட்டில் வேலை செய்கிற பஞ்சம்மாள் இருக்கன்குடியில் உன் கையில் கொடுப்பாள். மேனேஜர் படிக்காமல் நான் எழுதுகிற ஒரே கடிதம் இது. என்னை வெளியே விடமாட்டார்கள். மாடி ஜன்னலில் நின்றது நான்தான். மச்சான் காலில் விழுந்ததாகச் சொல்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முந்தி பெரியராஜாவுக்குக் கை நடுக்கம் வந்தது. சர்க்கார் காகிதத்தில் கையெழுத்துக் கோணினால் கேலிசெய்வார்கள் என்று கூச்சப்பட்டு, "ராயசம், நீயே போட்டுருலே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து எந்த ஆபீசில் எந்தக் காகிதத்தில் ராஜா கையெழுத்து இருந்தாலும் அது நான் போட்டது. இது ராஜாவுக்கும் எனக்கும் மேனேஜருக்கும்தான் தெரியும்.

ராஜா விழுந்த மறுவாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பழைய முத்திரைத்தாள். முப்பத்தெட்டாம் வருஷத்துத் தேதி போட்டு, கருவக்குளம் நிலம் எல்லாம் அரண்மனையின் சொந்தப் பண்ணை, உழுகிறவர்கள் எல்லாம் கூலிக்கு வந்தவர்கள் என்று வீட்டுக்கு ஒரு பத்திரம் எழுதி, ராஜா கையெழுத்தைப் போடச் சொன்னார். சின்னராஜா பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். முடியாது என்றேன் அக்கா, சத்தியமாகச் சொன்னேன். மேனேஜர் கோபப்படவே இல்லை. "பத்து வருசமா நீ போட்டது பூராவும் கள்ளக் கையெழுத்துத்தானப்பா? ராஜா சொல்லித்தான் போட்டேன்னு அவரு வந்து சாட்சி சொல்லுவாரா? நான் ஒரு காயிதம் எழுதிப்போட்டா இன்னைக்கே உனக்கு வெலங்கு" என்றார். அப்புறம் என் தோளில் கைபோட்டு, "உங்க அக்கா காட்டத் தொடல. அதுக்குப் பட்டாவே எழுதிக்கோ" என்றார்.

பதினாறு பத்திரம் எழுதினேன். உன் பட்டாவிலும் என் கையெழுத்துத்தான். நீ அனுப்பிய சீட்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்கள். பெட்டி மட்டும் இருக்கிறது.

ஒருநாள் பத்திரங்களில் ராஜாவின் மோதிர முத்திரை வைக்க என்னை மாடிக்குக் கூட்டிப்போனார்கள். விரலிலிருந்து மோதிரம் கழலவில்லை. கையைப் பிடித்தே அழுத்தச் சொன்னார்கள். ராஜா பத்திரத்தைப் படித்துவிட்டார் அக்கா. வாய்தான் போனதே தவிரப் புத்தி போகவில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. என்னை நம்பினவர். எனக்குச் சாகலாம் போல இருந்தது, ஆனால் அதற்கும் தைரியம் இல்லை.

நீ கர்ப்பூரம் அணைத்ததை நினைத்து நினைத்துச் சாகிறேன். ஆனால் வேறு வழி இல்லை. இதைப் படித்ததும் கிழித்து ஆற்றில் போட்டுவிடு. நீயும் மச்சானும் நிலத்தோடு நன்றாக இருங்கள். இது வெளியே வந்தால் நான் தொலைந்தேன்.

உன் தம்பி

*

கருவக்குளம்,
30-9-51

மதுரை ஜெயிலில் இருக்கும் என் தம்பி சுந்தரபாண்டிக்கு, அக்கா எழுதுவது. அங்கே சாப்பாடு எப்படி, படுக்கப் பாய் தருகிறார்களா? உனக்கு வயிற்றுக்குக் காரம் ஆகாது என்று யாரிடமாவது சொல். உன்னைப் போலீஸ் கூட்டிப்போனதைப் பஞ்சம்மாள் வந்து சொன்னாள்.

யார் சொல்லி வந்தார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நானேதான்.

உன் கடிதத்தை ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து படித்தேன். கிழிக்கத்தான் போனேன். பத்தடி தள்ளி அத்தை தன் பேரனுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடிதத்தை மடியில் சொருகிக்கொண்டு எழுந்துவிட்டேன். பதினைந்து நாள் வைத்திருந்தேன். உன் மச்சானிடம் சொல்லவில்லை. எடுத்து எடுத்துப் படித்தேன். எப்படிப் படித்தாலும் அதில் உனக்கும் வழி இல்லை, எனக்கும் வழி இல்லை.

சாத்தூர் முகாமுக்குத் தனியாகப் போனேன். கடிதத்தையும் என் பட்டாவையும் ஆபீசர் மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். "இது உங்க சொந்தத் தம்பியாம்மா?" என்றார். "கூடப் பொறந்தவன்யா" என்றேன். "இதக் குடுத்தா அவருக்கு என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார். தெரியும் என்று சொன்னேன். அப்புறம் அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

உன்னைக் கொடுத்துவிட்டு வந்தேன் தம்பி. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா

*

கருவக்குளம்,
10-11-52

தம்பி சுந்தரபாண்டிக்கு அக்கா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? இது நான் போடுகிற ஐந்தாவது கடிதம். நாலுக்குப் பதில் இல்லை.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றி, "இது யார் எழுத்து?" என்று கேட்டபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கழுத்து எலும்பு தெரிந்தது. இரண்டு வருஷம் என்று சொன்னபோது கூட நீ நிமிரவில்லை. மேனேஜருக்கு மூன்று வருஷம். சின்னராஜா கையெழுத்து ஒரு காகிதத்திலும் இல்லையாம், அதனால் அவருக்கு ஒன்றும் இல்லை. பெரியராஜா போன கார்த்திகையிலேயே இறந்துபோனார். தேர் கட்டி எடுத்தார்கள். தம்பிக்காரர்தான் கொள்ளி வைத்து அழுதாராம், பார்க்கிறவர்கள் மனம் உருகும்படி.

ஊரில் பதினாறு வீட்டுக்கும் பட்டா கிடைத்துவிட்டது. நம் நாலு குறுக்கத்துக்கும் ஆகிவிட்டது. இந்த வருஷம் நல்ல மழை. சோளம் ஆள் உயரம் நிற்கிறது, கதிர் ஒவ்வொன்றும் முழங்கை தண்டி. உன் மச்சான் குருவி விரட்டப் பரண் கட்டியிருக்கிறார். எங்களைப் பற்றி ஒரு கவலையும் படாதே.

ஒரு வரி எழுது ராசா.

அக்கா

*

மதுரை ஜெயில்,
3-2-53

அக்காவுக்கு, சுந்தரபாண்டி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். காரம் பழகிவிட்டது. இங்கேயும் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் இங்கே படித்தவர் படித்தேன் என்று முத்திரை குத்துகிறார். அது ஒரு மரியாதை.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்ப் பத்திரம் ஆகும். கோபம் இருந்தது. கிழித்துப் போடு என்றுதானே எழுதினேன்? ஒரு வருஷம் உன் கடிதங்களின் மடிப்பைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். பிரித்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். இந்தத் தை பிறந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்தேன். அழத்தான் செய்தேன்.

ஆனால் நீ கடைசியாக எழுதிய கடிதத்தைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது. சாத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் இங்கே புதிதாக வந்திருக்கிறான். அந்த வட்டாரத்தில் மூன்று வருஷமாகக் கண்மாயில் தண்ணீர் இல்லை, கரிசல் வாய்பிளந்து கிடக்கிறது என்கிறான். உனக்கு மட்டும் சோளம் ஆள் உயரம் நிற்கிறதாக்கும்? உறையைத் திருப்பிப் பார்த்தேன். தபால் முத்திரை சிவகாசி. நீ கருவக்குளம் என்று எழுதியிருக்கிறாய்.

பத்து வருஷம் ராஜா பேரில் எழுதியவன் நான். என்னிடமே பொய்க் கடிதம் எழுதுகிறாயே அக்கா! நம் நிலம் என்ன ஆயிற்று? உள்ளதை எழுது.

சுந்தரபாண்டி

*

சிவகாசி,
1-3-53

என் ராசா சுந்தரபாண்டிக்கு, அக்கா எழுதுவது. எங்களுக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை, நிலம்தான் இல்லை.

உன்னிடம் பொய் சொன்னதற்கு என்னை அடி. நீ உள்ளே கிடக்கிறாய், இதையும் ஏன் உன் தலையில் போட வேண்டும் என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

நடந்தது இதுதான். அரண்மனை கொடுத்த பட்டா பொய் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன் அல்லவா? ஆபீசர் நல்ல மனுஷன். "சீட்டும் எரிஞ்சு போச்சு. நீங்கதான் உழுதீகன்னு பக்கத்துக் காட்டுக்காரக ரெண்டு பேரு வந்து சொன்னாப் போதும்மா" என்றார். பதினாறு வீட்டாரும் அப்படித்தான் ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி சொல்லிப் பட்டா வாங்கினார்கள். எங்களுக்கு மூன்று தடவை தேதி கொடுத்தார். மூன்று தடவையும் நானும் உன் மச்சானும் மட்டும் போய் நின்றோம்.

பெத்தணன் மாமா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். "தாயீ, கோவிச்சுக்கிடாதீக. உங்க வீட்டு எழுத்த நம்பி ஒருக்காக் கெட்டோம். சின்னராஜா இன்னமும் இங்கனதான இருக்காரு, அவரப் பகைச்சுக்கிட்டு நாங்க பொழைக்க முடியுமா?" என்றார். அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. நிலம் அரண்மனைக்குப் போனது. இப்போது அதைச் சின்னராஜாவிடம் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் யார் தெரியுமா? பெத்தணன் மாமாதான். இதை எழுதும்போது கூட எனக்கு மோர் தொண்டைக்குள் வருகிறது.

உன் மச்சான், "தம்பியக் குடுத்த, காட்டக் குடுத்த, இனி என்னையும் யாருக்காச்சும் குடுத்துரு" என்றார். அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமலே வண்டியில் சாமான் ஏற்றினார். இங்கே தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். மருந்து நெடி இருமலுக்கு ஆகவில்லை. நான் மருந்தில் முக்குவதற்குத் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறேன். வள்ளித்தாயை உனக்கு நினைவிருக்கிறதா, அம்மா காலத்தில் நம் காட்டுக்குக் களையெடுக்க வருவாளே? அவள்தான் சொல்லித் தருகிறாள். "மெள்ளக்கா, கதிரறுத்த கையில்ல, குச்சி ஒடியுதுல்ல" என்று என்னை அதட்டுகிறாள். முதல் மாதம் எனக்கு ரோஷமாக இருந்தது. இப்போது அவள் பக்கத்தில்தான் உட்காருகிறேன். தன் தூக்குவாளிக் கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றுகிறாள். உழுத காலத்தில் நான் சாப்பிடும் பாத்திரத்தில் அவளுக்கு ஒருநாள் கூடக் கஞ்சி ஊற்றியதில்லை.

பதினாறு வீட்டிலும் இந்தப் பொங்கலுக்கு, காய்ந்தது போகக் கிடைத்தது இரண்டு படி என்றாலும் அது சொந்தக் காட்டுச் சோளம் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னை விற்று வந்த சந்தோஷம்தானே அது என்று நினைத்ததும் என் மேலேயே காறித் துப்பலாம் போல ஆகிவிட்டது. மறுபடி அந்தக் கடிதம் என் கைக்கு வந்தால் கிழிப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் தம்பி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

விடுதலைத் தேதி தெரிந்ததும் எழுது. உன் மச்சான் இப்போது பேசுகிறார். உன்னைக் கூட்டிவர ஜெயில் வாசலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் வரமாட்டேன். நான் அனுப்பிய இடத்தில் வந்து நின்று உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. இங்கே ஒரே அறைதான், மூன்று பேர் படுக்கலாம். சோறாக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன்.

உன் அக்கா,
செல்லத்தாய்

*

மதுரை ஜெயில்,
2-2-54

அக்காவுக்கு, சுந்தரபாண்டி எழுதுவது.

இந்த மாதம் பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு விடுகிறார்கள்.

மச்சான் வரவேண்டாம். நீ வா.